நாவின் ஆற்றலை அளந்த வரலாறு

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தோர் பலருக்கு, மருத்துவம் என்றவுடன் நினைவுக்கு வருவது டிரசரின் "நாக்கை நீட்டு" என்னும் சொல்லே. அவர் நாவில் தேடியது நிறம். கொக்கிப்புழு குருதியைக் குடிக்க, நாவும் கண்ணிமையின் உட்புறமும் வெளுத்துப் போகும். 1915 முதல் 1917 வரை மலாயாவில் ஆராய்ந்த ராக்கபெல்லர் நிறுவனக் குழுவினர் இப்புழுவையும் மலேரியாவையும் ஒருங்கே ஆராய்ந்தனர். ஆனால் டிரசர் நாவின் வலிமையை அளந்திலர்.

நாவைப் பார்ப்பது நம் சித்த மருத்துவர்க்குப் புதிதன்று. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எண்வகைத் தேர்வு கூறினர். இவற்றுள் நாவும் மொழியும் தனித்தனியே நிற்பதை நோக்குக. நா உறுப்பு, மொழி அதன் வினை. இரண்டும் வேறு என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது.

வினையை நுணுகிக் கண்டவர் தொல்காப்பியர். எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியலில், ககரத்துக்கு முதல்நா, சகரத்துக்கு இடைநா, டகரத்துக்கு நுனிநா என இடம் வகுத்தார். அதனினும் வியப்பு, நா அண்ணத்தை 'ஒற்றுதல்' வேறு, 'வருடுதல்' வேறு எனப் பிரித்தது. றகர னகரங்களில் நுனிநா மேல்நோக்கிச் சென்று ஒற்றும். ரகர ழகரங்களில் வருடும். கருவி ஏதுமின்றிக் கண்ட உண்மை இது.

வலிமையைச் சோதிக்க மருத்துவர்கள் நெடுங்காலம் கையாண்டது எளிய வழி. நோயாளி நாவால் கன்னத்தை உள்ளிருந்து தள்ள, மருத்துவர் வெளியிலிருந்து விரலால் எதிர்த்து அழுத்துவார். நாவை நீட்டச் சொன்னால், நரம்பு பழுதுற்ற பக்கத்துக்கே அது சாயும். இவை பயனுடையன, எனினும் 'வலிது', 'மெலிது' என்பதற்குமேல் சொல்ல இயலாதன.

1990ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு கருவி உருவாயிற்று. காற்றடைத்த சிறு குமிழை நாவுக்கும் அண்ணத்துக்கும் இடையே வைத்து நசுக்கினால், அழுத்தம் கிலோபாஸ்கலில் தெரியும். உடல்நலமுடைய இளையோரிடம் அது ஏறத்தாழ 60 கிலோபாஸ்கல். பாதரசக் கணக்கில் இது 450 மில்லிமீட்டர். இரத்த அழுத்தத்தின் மேல்எண்ணாகிய 120ஐப் போல நான்கு மடங்குக்கு அருகில்!

இத்தனை வலிமை எதற்கு? பேச்சுக்கு அதில் ஒரு சிறு பகுதியே போதும். விழுங்குவதற்குத்தான் நாவின் வலிமை பெரிதும் வேண்டும். ராபின்ஸ் என்னும் அம்மையாரும் உடன் ஆய்ந்தோரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கிற்று: முதுமையில் நாவின் உச்ச வலிமை குறையும், விழுங்கத் தேவையான அழுத்தமோ குறைவதில்லை. ஆகவே கையிருப்பு சுருங்கும். அந்நிலையில் பக்கவாதம் வந்தால், குடித்த தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைத் தாக்கக்கூடும்.

சப்பானிய முதியோர் பல்மருத்துவக் கழகம் 2016இல் 30 கிலோபாஸ்கலுக்குக் குறைந்ததை நலிவின் அடையாளமாக வைத்தது. அதனுடன் இன்னொரு சோதனையும் உண்டு: ப, த, க என்னும் ஒலிகளை ஒவ்வொன்றாக விரைந்து சொல்லவேண்டும், ஒரு நொடிக்கு 6 முறைக்குக் குறைந்தால் நலிவு. இதழ், நுனிநா, முதல்நா! பிறப்பியலைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதைக் கேட்க மகிழ்ச்சியாயிராதா?

மலேசியாவில் பேச்சு மருத்துவப் பட்டப் படிப்பு 1995இல்தான் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிற்று. இங்கே நம்மவர் பொருட்டு ஒன்று சொல்லவேண்டும். தோட்டத்தை விட்டு ஈப்போவின் புந்தோங்குக்கு வந்து குடியேறிய பாட்டி ஒருவர் 'பளம்' என்றால், அது நாவின் நலிவா, வழக்கா? தமிழறியாத மருத்துவர் பிழையாக எண்ணலாம். தமிழறிந்த ஆசிரியரோ 'தடித்த நாக்கு' என்று பேரனைக் கடிந்துகொள்வார். இருவரும் தவறுகின்றனர். ழகரம் வலிமையைக் கேட்பதன்று, வருடும் பழக்கத்தைக் கேட்பது. அப்பாட்டி முன்பு ழகரம் சொல்லிப் பழகியவரா என்பதை வீட்டாரிடம் கேட்டறிந்தபின்பே குமிழை நாவில் வைக்கவேண்டும்.