தருமபுரியில் குழந்தைகளுக்கான இயன்முறை சிகிச்சை: மையத்திலிருந்து குடும்பத்துக்கு

தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2 அன்று. வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் 1966-இல் திறக்கப்பட்டது. அந்நாளில் மூளை முடக்குவாதம் உள்ள அரூர்ப் பக்கத்துக் குழந்தைக்கு இயன்முறை சிகிச்சை வேண்டுமென்றால் அத்தகைய தொலைதூர நிலையங்களைத்தான் நாட வேண்டியிருந்தது. வாரந்தோறும் வரச் சொன்னால் பேருந்துக் கட்டணத்துக்கும் இழந்த கூலிக்கும் ஈடுகொடுக்க எந்தக் கூலிக் குடும்பத்தால் முடியும்? அதன் பின்னர் இம்மாவட்டத்தில் நடந்தவை பெரும்பாலும் அந்தத் தூரத்தைக் குறைக்கும் முயற்சிகளே. சிகிச்சையின் இலக்கைக் குடும்பமே முடிவு செய்யும் நிலை வேறு; அது பாதி வழியில்தான் நிற்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

குடும்பத்தை முன்னிறுத்தும் சிந்தனை பல ஊர்களில் தனித்தனியே முளைத்தது. லண்டனில் பெர்ட்டா, காரல் போபத் தம்பதியர் வகுத்த முறை சிகிச்சையாளரின் கைத்திறனை நம்பியது. அவ்வழி வந்த நான்சி ஃபின்னியோ, குழந்தையைக் குளிப்பாட்டுவதிலும் ஊட்டுவதிலும் தூக்குவதிலுமே பயிற்சி இருக்கிறது என்று பெற்றோருக்காக 1968-இல் நூல் எழுதினார். தமிழகத்தில் 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கமும், 1985-இல் சென்னையில் இன்று வித்யாசாகர் எனப்படும் அமைப்பும் தோன்றின. கனடாவின் கேன்சைல்டு ஆய்வு மையம் 1989 முதல் இச்சிந்தனைக்கு ஆய்வு வடிவம் தந்தது.

ஃபின்னி சொன்னதற்கு நம் வீடுகளிலேயே சான்று உண்டு. இறுக்கத்தால் கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொள்ளும் குழந்தையை, நம் தாய்மார் வழக்கமாகச் செய்வதுபோல் கால் அகட்டி இடுப்பில் வைத்துக்கொண்டால் தொடைகள் விரிகின்றன; கைகள் விடுபடுகின்றன; தலை நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்க்கிறது. இதற்குத் தனி நேரம் வேண்டாம். மாட்டுக்குத் தீவனம் போடும்போதே நடந்துவிடும். சுவரின் மூலையில் இருபுறமும் அணைவாக உட்காரவைத்துச் சோறூட்டுவதும் அப்படியே. மாறாக, நாளுக்கு இத்தனை முறை காலை நீட்டி மடக்கு என்று தாளில் எழுதிக் கொடுத்தால், தாயின் வேலைச்சுமையோடு குற்ற உணர்வும் கூடும். அயோனா நோவாக் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும், குறிப்பிட்ட இலக்கை வைத்துச் செய்யும் பயிற்சியையும் வீட்டுப் பயிற்சித் திட்டங்களையும் தன் பரிந்துரைகளில் சேர்த்தது.

இனி தருமபுரி. சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையிலுள்ள சிட்லிங்கியில் 1993-இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினர். உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தனர். இயன்முறை சிகிச்சைக்கென அது தொடங்கப்படவில்லை. ஆனால் பிரசவத்தின்போது மூச்சுத்திணறலையும் பிறந்தபின் தொற்றையும் தடுப்பது மூளைப் பாதிப்பையே தடுப்பதாகும். அந்த வகையில் இவ்வரலாற்றில் அதற்கு முதலிடம் தருவேன்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008-இல் வந்தது. குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கண்டறியும் தேசியத் திட்டம் 2013-இல் தொடங்கியது. 2014 நவம்பரில் இக்கல்லூரி மருத்துவமனையில் அடுத்தடுத்து நேர்ந்த பச்சிளங்குழந்தை மரணங்கள் எடைகுறைந்த பிறப்புகளின் பக்கம் மாநிலத்தின் கவனத்தைத் திருப்பின. அப்படிப்பட்ட குழந்தை உயிர் பிழைப்பதோடு பணி முடிவதில்லை. வளர்ச்சியை மாதக்கணக்கில் கவனித்துவர வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கிய சாமனப்பள்ளி, 2004 வரை பழைய தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஊர். அத்திட்டத்தின் வழியே இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுவாசலுக்கே வரத் தொடங்கினார்.

தூரம் இப்படிக் குறைந்தாலும், இலக்கை யார் வைப்பது என்ற கேள்வி நிற்கிறது. இங்கே பெற்றோர் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட, பாட்டி வளர்க்கும் குழந்தைகள் பலர். பயிற்சியைப் பாட்டிக்குச் சொல்லித் தராமல் தாயைத் தேடுவதில் பயனில்லை. பேரன் பந்தியில் உட்கார்ந்து தானே சாப்பிட வேண்டும் என்று அவர் விரும்பினால், அதுவே இலக்கு. வீட்டுக்கு வரும் சிகிச்சையாளர், பதிவேட்டில் முழங்காலின் கோணத்தைக் குறிக்கும் முன் அந்த இலக்கை எழுத வேண்டும். அடுத்த வருகையில் அதை வைத்தே முன்னேற்றத்தை அளக்க வேண்டும்.