தப்பு காய்ச்சுதல்

தப்பு என்னும் பறையின் தோலைத் தீயில் வாட்டி ஓசையைக் கூர்மையாக்கும் முறை. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்குச் சென்றவர்களோடு தப்பு இலங்கை மலையகத்தை அடைந்தது. விடியலில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எடுக்கும் அணிவகுப்புக்கு, ஆள் கூப்பிடவும், காமன் கூத்து என்னும் நாட்டார் கூத்திலும், திருவிழாவிலும், சாவு வீட்டிலும் அது ஒலித்தது.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலும், மழை மிகுந்த ஹட்டன் பக்கத்திலும் காற்றில் ஈரம் அதிகம். மாட்டுத்தோல் அந்த ஈரத்தை உறிஞ்சித் தளர்வதால் ஓசை மந்தமாகும். தீயருகே பிடித்தால் ஈரம் வெளியேறித் தோல் இறுகும். இழுவிசை கூடி அதிர்வெண் உயர, ஓசை கணீரென்று எழும். ஈரம் திரும்பிவிடுவதால் கூத்தின் நடுவிலும் காய்ச்ச வேண்டிவரும். சூடு மிகுந்தால் தோல் கெடும். தீயின் பதத்தை அளப்பவை தப்படிப்பவரின் கையும் காதுமே. இந்த நுட்பத்துக்கு உரிய மதிப்புக் கிடைக்காமல் தடுத்தது, தப்படிப்பவர்களைத் தாழ்த்திவைத்த சாதிதான்.

ஓசையை மேம்படுத்துவதாகச் சொல்லப்படும் எல்லா முறைகளும் இப்படியல்ல. புதிய இயர்ஃபோனைப் பல மணி நேரம் ஒலிக்கவிட்டால் ஓசை மேம்படும் என்ற நம்பிக்கைக்கு இத்தகைய வலுவான அடிப்படை இல்லை. அதன் அதிர்தகடு பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் படலம். அளவீடுகளில் தெரியும் மாற்றம் மிகச் சிறியது. காது பழகுவதும், இயர்ஃபோன் காதில் பொருந்தும் விதமுமே பெரிய வேறுபாட்டைத் தருகின்றன. தப்பின் மாற்றமோ எவர் காதுக்கும் உடனே கேட்கும்.