படகுத்துறைக் குழாயில் தண்ணீர் பிடிப்பது எப்படி? பாய்மரப் படகுகளுக்கு ஒரு வழிகாட்டி

ராஜா மூடா சிலாங்கூர் அனைத்துலகப் பாய்மரப் படகுப் போட்டி பொதுவாக நவம்பரில் கிள்ளான் துறைமுகத்தில் தொடங்கி, பங்கோர், பினாங்கு வழியாக லங்காவியில் முடிகிறது. இப்படிப் பல நாள் கடலில் ஓடிக் கரை சேரும் படகுக்கு முதல் தேவை நல்ல தண்ணீர். படகுத்துறையில் குழாய் இருக்கிறது. ஹோஸை மாட்டித் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால், கட்டி வைத்த படகு ஒரு சொட்டுக் கடல்நீர்கூட உள்ளே வராமல், இந்தக் குழாய்த் தண்ணீராலேயே மூழ்கிவிட முடியும்.

10 முதல் 12 மீட்டர் நீளமுள்ள படகில் பெரும்பாலும் 200 முதல் 400 லிட்டர் பிடிக்கும் தொட்டி இருக்கும். அதிலிருந்து ஒரு சிறிய 12 வோல்ட் பம்ப் சமையலறைக்கும் குளியலறைக்கும் தண்ணீரைத் தள்ளுகிறது. உள்ளே எங்காவது ஓர் இணைப்பு கழன்றாலும், தொட்டி காலியானதும் ஒழுகல் நின்றுவிடும். கரைக் குழாயைப் படகின் குழாய்களோடு நேரடியாக இணைத்தால் அந்த வரம்பு போய்விடுகிறது. நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு நாளில் 14,400 லிட்டர், அதாவது 14 டன்னுக்கும் மேல். 10 மீட்டர் படகின் எடையே பல வேளைகளில் 5, 6 டன்தான். அடித்தளத்தில் தேங்கும் நீரை இறைக்கும் பம்ப்பும் பேட்டரி தீரும் வரைதான் ஓடும்.

அதனால் தொட்டியை நிரப்பிவிட்டு ஹோஸைக் கழற்றிவிடுவதே நல்லது. துறையில் பல நாள் தங்குபவர்கள் நேரடி இணைப்பையே விரும்புகிறார்கள். அப்படியானால் அழுத்தக் குறைப்பான் கட்டாயம் வேண்டும். சமையல் எரிவாயு உருளையில் ரெகுலேட்டர் செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. படகின் குழாய்கள் பெரும்பாலும் 2 முதல் 3 பார் அழுத்தத்துக்கு ஏற்றவை. கரைக் குழாயில் அதைவிட அதிகமாக வரலாம், இரவில் மற்றவர்கள் குழாயை மூடியதும் இன்னும் ஏறலாம். குறைப்பானைப் படகுப் பக்கம் மாட்டாமல் கரைக் குழாயிலேயே மாட்டினால் ஹோஸும் தப்பிக்கும். அதோடு ஓர் ஒருவழி வால்வும் தேவை. கரையில் அழுத்தம் திடீரென விழுந்தால் படகின் தண்ணீர் பொதுக் குழாய்க்குள் திரும்பிப் போகாமல் அது தடுக்கும். இவ்வளவும் இருந்தாலும், படகை விட்டு இறங்கும்போது, கடைக்குப் போய்வரும் அரை மணி நேரமானாலும், கரைக் குழாயை மூடிவிட்டே போக வேண்டும்.

நிரப்புவதற்கு முன் மூடியைப் படித்துப் பாருங்கள். தண்ணீர், டீசல், கழிவு மூன்றுக்கும் மேல்தளத்தில் ஒரே மாதிரி மூடிகள் இருக்கும். டீசல் தொட்டிக்குள் தண்ணீர் போனால் எஞ்சின் நடுக்கடலில் நிற்கும். தண்ணீர்த் தொட்டிக்குள் டீசல் போனால் வாடை லேசில் போகாது. ஹோஸை வாய்க்குள் இறுக்கித் திணிக்கவும் கூடாது. காற்று வெளியேற இடைவெளி இல்லாவிட்டால் பிளாஸ்டிக் தொட்டி உப்பி வெடிக்கக்கூடும்.

தோட்ட ஹோஸ் செடிக்குத்தான். குடிநீருக்கென்றே தயாரிக்கப்பட்ட ஹோஸ் தனியாகக் கிடைக்கிறது. கழிவுத் தொட்டியை அலசும் ஹோஸை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. நம் ஊர் வெயிலில் கிடந்த ஹோஸில் தேங்கிய தண்ணீர் சுடும், பிளாஸ்டிக் வாடையும் அடிக்கும். ஓரிரு நிமிடம் ஓடவிட்ட பிறகே தொட்டியில் விட வேண்டும். தண்ணீர்த் தடை முடிந்து குழாய் திறக்கும் நாளில் இது இன்னும் முக்கியம். வீட்டில் கலங்கலாக வரும் தண்ணீரை வாளியில் பிடித்துப் பார்ப்பதுபோல இங்கும் பார்த்துவிட்டு நிரப்பலாம்.

கரி வடிகட்டி வைத்திருப்பவர்கள் அதைத் தொட்டிக்கு முன்னால் மாட்டிவிடுகிறார்கள். அது குளோரினையும் நீக்கிவிடும்; பிறகு தொட்டியில் நாள்கணக்கில் நிற்கும் தண்ணீரில் கிருமி வளரும். கரி வடிகட்டியைத் தொட்டிக்குப் பின், குடிக்கும் குழாய்க்குப் பக்கத்தில் வைப்பதே சரி. மண்துகளைப் பிடிக்கும் சாதாரண வடிகட்டி முன்னால் இருக்கலாம்.

கிள்ளான் துறைமுகத்தில் பெருவெள்ள நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 4 மீட்டருக்கும் மேல் வேறுபாடு உண்டு. மிதக்கும் மேடையில் கட்டிய படகு மேடையோடு சேர்ந்தே ஏறி இறங்கும். அசையாத பாலத்தில் கட்டியிருந்தால், ஹோஸ் இழுபடாத அளவு நீளமாகவும், அதன் முனை கடல்நீரில் விழாதபடியும் இருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் ஹோஸில் உள்ள தண்ணீரை முழுக்க வடித்து, இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று திருகி, நிழலில் சுருட்டி வைத்தால் எறும்பும் கரப்பானும் உள்ளே போகாது.