ஊரைக் காக்கும் விழாக்கள்

பழைய ஊரைப் பேணுவதென்பது சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது மட்டுமன்று. மக்கள் அங்கே கூடுவதற்கான காரணத்தையும் பேணுவதாகும். இதற்குக் கல்முனைக் கரையே சான்று.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலிலே 18 நாள் விழா. பாண்டவர் வனவாசமும் தீமிதிப்பும் ஊரையே பாரதக் களமாக்குகின்றன. அயலிலே, கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது நாயகத்தின் நினைவாக 12 நாள் கொடியேற்ற விழா.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையின் வீடுகளை வாரிச் சென்றது. கடலோரக் குடிகள் பல உட்புறம் பெயர்ந்தன. ஆயினும் கொடி ஏறும்போது மக்கள் மீண்டும் கரைக்கே வருகின்றனர். வீடு போன இடத்தும் ஊர் போகவில்லை!

இளைஞர்களே, விழா முறைகளை முதியோரிடம் இன்றே கேட்டு எழுதிவைப்போம். கேளாதுவிட்டால் அவை அவர்களோடு மறைந்துபோகும்.