மன்னார்க் கரையின் காயங்களும் அயடீனும்

பேசாலை, வங்காலை, சிலாவத்துறைக் கரைகளில் கடற்றொழிலாளர் படும் காயங்களைப் பொதுவாக இரண்டாகப் பிரிக்கலாம். வலைக்கயிறு அறுத்ததும் சிப்பி கீறியதும் மேற்காயங்கள். திருக்கை முள்ளோ கெளிற்று முள்ளோ குத்தியது ஆழக்காயம். இரண்டுக்கும் பொவிடோன் அயடீனைப் பூசிவிட்டால் போதும் என்ற நம்பிக்கையை இக்கட்டுரை மறுக்கிறது. மருந்து நல்லதுதான், சிகிச்சையில் அதன் இடம் இரண்டாவது என்பதே என் வாதம்.

1811இல் பேர்னார்ட் கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயடீனைக் கண்டெடுத்தார். அதை அற்ககோலில் கரைத்த பழைய மருந்து கிருமியைக் கொன்றாலும் புண்ணைக் கடுமையாக எரித்தது. 1950களில் அமெரிக்காவில் அயடீனைப் பொவிடோன் என்னும் பல்பகுதியத்தோடு பிணைத்த பிறகே எரிவு தணிந்தது. இன்று கிடைக்கும் 10 சதவீதக் கரைசலில் பயன்படத்தக்க அயடீன் 1 சதவீதம். பல்பகுதியம் அதைச் சிறிது சிறிதாக விடுவிக்க, அது கிருமியின் கலத்துள் புகுந்து புரதங்களைச் சிதைக்கிறது. ஒரே நேரத்தில் பல இடங்களைத் தாக்குவதால், நுண்ணுயிரெதிரிகளுக்கு எதிராக வளர்வது போன்ற எதிர்ப்பாற்றலைக் கிருமிகள் இதற்கெதிராக எளிதில் பெறுவதில்லை. இக்காலத்தில் இது பெரிய நன்மை.

ஆயினும் குருதியும் சீழும் மீன்வழும்பும் அந்த அயடீனைக் கிருமிக்குப் போய்ச்சேருமுன்னே செலவழித்துவிடுகின்றன. கபில நிறம் வெளிறினால் மருந்து தீர்ந்தது என்று பொருள். ஆகவே குடிக்கத்தக்க நல்ல தண்ணீரால் தாராளமாகக் கழுவுவதே முதல் வேலை. கடல்நீரால் கழுவுவது ஆபத்து. வெப்பமான கரையோர நீரில் வாழும் விப்ரியோ வல்னிபிக்கஸ் என்னும் கிருமி காயத்தினுள் புகுந்தால், ஈரல் நோயாளருக்கும் சலரோகம் உள்ளவருக்கும் ஓரிரு நாளிலேயே உயிராபத்து நேரலாம்.

ஆழக்காயத்தின் கணக்கு வேறு. திருக்கையின் நஞ்சு சூட்டில் சிதைவது. 45 பாகை செல்சியசைத் தாண்டாத, தாங்கக்கூடிய சுடுநீரில் 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். முறிந்த முள் உள்ளே தங்கியிருந்தால் மேலே பூசிய அயடீன் அதை எட்டாது. காய்ந்த கபிலப் படலம் உள்ளே நடக்கும் அழுகலைக் கண்ணிலிருந்து மறைக்கவும் கூடும். என்னை மிகவும் வருத்துவது இதுதான். மீன் வெட்டுவோரின் விரலில் எரிசிப்பெலோத்ரிக்ஸ் என்னும் கிருமி உண்டாக்கும் ஊதாநிற வீக்கத்துக்கும், மைக்கோபற்றீரியம் மரீனம் என்னும் கிருமி உண்டாக்கும் ஆறாக் கட்டிக்கும் பூச்சுமருந்து போதாது. வைத்தியர் தரும் நுண்ணுயிரெதிரி வேண்டும்.

அயடீன் புதுத் தோலின் கலங்களைக் கெடுக்கிறது என்று ஆய்வுகூடச் சோதனைகள் காட்டின. நோயாளரிடம் செய்த ஆய்வுகள் அதை ஒருமுகமாக உறுதிசெய்யவில்லை. எனினும் சுத்தமாக ஆறிவரும் புண்ணில் நாள்தோறும் அதை ஊற்றத் தேவையில்லை என்றே கருதுகிறேன். தைரொயிட் நோயாளர், கர்ப்பிணிகள், பச்சைக் குழந்தைகளின் உடலில் அகலப் பூசுவதைத் தவிர்க்கவேண்டும்.

வாடிகளில் அயடீன் போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு கான் நல்ல தண்ணீரும் இருக்கட்டும். முள் குத்தியவர் ஏற்புவலித் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேட்கவேண்டும். சிவப்புப் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கருங்கொப்புளம் எழுந்தாலோ விடியும்வரை காத்திராமல் உடனே மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள்.