வட்டமேசையும் படுகளமும்

நானுஓயாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் பெயர்களை நாம் நாள்தோறும் உச்சரிக்கிறோம். அவற்றின் பிறப்பை ஆராய்வதில்லை. நானுஓயாவை அடுத்து அபொட்ஸ்போர்ட் என்றொரு தோட்டம் உண்டு. அக்கரப்பத்தனைப் பக்கத்தில் வேவர்லி உண்டு. முன்னது, ஸ்கொட்லாந்து எழுத்தாளர் வோல்டர் ஸ்கொட் தமக்கெனக் கட்டிய மாளிகையின் பெயர். பின்னது, 1814இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலின் பெயர். மத்தியகால வீரர் கதைகளுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புத்துயிர் ஊட்டியவர்களுள் ஸ்கொட் முதன்மையானவர். ஆர்தர் மன்னனின் கதைகளோடு இணைந்த டிரிஸ்ட்ரம் என்னும் வீரனின் பழங்கதையை 1804இல் பதிப்பித்தவரும் அவரே. துரைமார் கடல் கடந்து வந்தபோது முதலை மட்டும் கொண்டுவரவில்லை, கனவுகளையும் கொண்டுவந்தனர்.

அக்கனவுகளின் வரலாறு யாது? ஆர்தர் கருவுற்ற இடம் டின்டாஜல் என்று ஏறத்தாழ 1136இல் மொன்மத் ஜெஃப்ரி எழுதினார். அதற்கு ஒரு நூற்றாண்டின் பின்னர், மன்னனின் தம்பியான ரிச்சர்ட் அப்பாறை முனையைத் தனதாக்கிக் கோட்டை கட்டினான். கதை முன்னே பிறந்தது. கோட்டை பின்னே எழுந்தது. கிளாஸ்டன்பரி மடாலயம் 1184இல் தீக்கிரையாயிற்று. சில ஆண்டுகளுள் ஆர்தரின் கல்லறையைக் கண்டெடுத்ததாகத் துறவிகள் அறிவித்தனர். வின்செஸ்டர் மண்டபத்தில் தொங்கும் வட்டமேசையோ பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தச்சர் செய்தது. அதில் 24 வீரர்களின் பெயர்களைத் தீட்டுவித்தவன் எட்டாம் ஹென்றி. அந்த 24 பெயர்களுள் உழவன் பெயர் ஒன்றேனும் உண்டா? மேசையைச் செய்த தச்சன் பெயர்தான் உண்டா? நிலவுடைமையாளர் தம் உரிமைக்கு முதுமை தேடியபோதெல்லாம் ஆர்தர் உதவிக்கு அழைக்கப்பட்டான் என்பதே நாம் காணும் உண்மை.

நம் முன்னோரும் வெறுங்கையோடு வரவில்லை. தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகக் காடுகளைக் கடந்து நடந்தவர்கள், பொன்னர் சங்கர் கதையை நெஞ்சில் சுமந்து வந்தனர். லயத்து முற்றங்களில் அது இரவிரவாகக் கூத்தாக ஆடப்பட்டது. படுகளத்தில் மடிந்த அண்ணன்மாரைத் தங்காள் எழுப்புகிறாள். ஆர்தரும் அவலோனிலிருந்து மீள்வான் என்றே அங்கும் நம்பினர். நம் கதை என்பதற்காக அதை மாசற்றதென்று கூறலாகாது. அதுவும் வளநாட்டு நிலக்கிழாரின் புகழையே பாடுகிறது. அவர்களுக்காக வாளேந்திய சாம்புகன் அதிலும் ஏவலாளனே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆர்தர் கதை ஆள்வோரின் கோட்டையாயிற்று. பொன்னர் கதையோ, பகலெல்லாம் மலையில் உழைத்தவன் ஓர் இரவேனும் நிமிர்ந்து நிற்கக் களமாயிற்று.

காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்களின் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் நாடற்றவராக்கியது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. எனினும், குடியிருக்கும் காணிக்கு உறுதி இல்லாதோர் இன்றும் பலர். ஒரு கட்டுக்கதையைக் காட்டி ஒரு பிரபு கடற்பாறையைத் தனதாக்க முடிந்தது. தலைமுறை தலைமுறையாக மண்ணில் கலந்த வியர்வையைக் காட்டியும் ஒரு தொழிலாளி பத்துப் பேர்ச் காணியைத் தனதாக்க முடியவில்லை. தோட்டப் பெயர்ப்பலகையை மாற்றுவதால் இக்குறை தீராது. அதன் கீழே வாழ்பவனின் பெயர் காணி உறுதியில் ஏறும் நாளிலேயே தீரும்.