செயற்கை மொழிகளின் ஒலியன் தொகுதி

செயற்கை மொழியொன்றை ஆக்குவோர், பொருள் வேறுபடுத்துவதற்கெனத் தேர்ந்துகொள்ளும் ஒலிகளின் தொகுப்பே அதன் ஒலியன் தொகுதி ஆகும். 1887இல் வெளியான எசுப்பெராண்டோவில் 28 ஒலியன்கள் உள்ளன. கனடாவைச் சேர்ந்த சோன்யா லாங் 2001இல் வெளியிட்ட தோக்கி போனாவில் 14 மட்டுமே (9 மெய், 5 உயிர்).

தோக்கி போனாவில் ககரத்தை வலித்தோ மெலித்தோ ஒலித்தாலும் பொருள் மாறாது. தமிழருக்கு இது புதிதன்று. கல், தங்கம், அகம் ஆகியவற்றில் ககரம் மூன்று விதமாக ஒலித்தாலும் எழுத்து ஒன்றே. வருமிடமே ஒலிப்பை முடிவு செய்கிறது. கடன்சொற்கள் இவ்வொழுங்கைக் குலைப்பதுண்டு. தீவினையைக் குறிக்கும் பாவமும் முகக்குறிப்பைக் குறிக்கும் பாவமும் எழுத்தில் ஒன்று, பேச்சில் வேறு.

செவிக்கு மயக்கம் தரும் 'யி', 'வு', 'வொ', 'தி' ஆகிய அசைகளையும் தோக்கி போனா விலக்குகிறது. அசையிறுதியில் வரக்கூடிய மெய் னகரம் ஒன்றே.

ஒலிகள் குறைந்தால் சொற்கள் நீளும். அல்லது ஒன்றையொன்று ஒத்து ஒலிக்கும். தோக்கி போனா சொற்களையே ஏறத்தாழ 120 ஆகச் சுருக்கி இதனைத் தவிர்த்தது. பாகுபலி (2015) திரைப்படத்தின் காலகேயருக்காக மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி மொழியில் வேறொரு வழி காணப்படுகிறது. அதில் 'மின்' என்பது நான். அவ்வொலிகளையே திருப்பிய 'நிம்' என்பது நீ.